கடலைப் பூசணமும் ஈரல் புற்றுநோயும்



"கடலையிலே கொஞ்சம் பூசணம் பிடிச்சா என்னங்க, தட்டிட்டு வறுத்தாச் சரியாப் போச்சு" என்று நம்மில் பலர் சொல்வது வழக்கம். அந்தப் பூசணத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. மனிதனுக்கு வரும் ஈரல் புற்றுநோய்க்கும், நாம் கடலை காயப்போடும் களத்துக்கும் உள்ள தொடர்பு அதிலேதான் தெரியவந்தது. அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

1960-ஆம் ஆண்டு. இங்கிலாந்து நாட்டுப் பண்ணைகளில் வான்கோழிக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. ஒரு லட்சத்துக்கு மேல் செத்துப்போயின. தொற்றுநோய் என்று நினைத்துத் தேடினார்கள். கிருமி எதுவும் அகப்படவில்லை. காரணம் தெரியாத நோய் என்பதால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு, செத்த குஞ்சுகள் எல்லாம் தின்ற பொதுவான தீனி எது என்று துருவிப் பார்த்தார்கள். பிரேசில் நாட்டிலிருந்து கப்பலில் வந்த கடலைப் புண்ணாக்கு அதில் கலந்திருந்தது. நஞ்சு அங்கேதான் இருந்தது.

அந்த நஞ்சை உண்டாக்கியது அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சாணம். கடலையின் மேல் பச்சையும் மஞ்சளுமாகப் படருகிறதே, அதேதான். அதன் பெயரிலிருந்தே நஞ்சுக்கு 'அஃபிளாடாக்சின்' என்று பெயர் சூட்டினார்கள். 1961-இல் அந்தப் புண்ணாக்கை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் ஈரலில் புற்று கண்டது. அப்போதுதான் விஞ்ஞானிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். குஞ்சை உடனே கொல்லும் நஞ்சு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் புற்றாக மாறுகிறது என்று தெரிந்தது.

"அது கோழிக்கும் எலிக்கும் வந்தது, நமக்கென்ன?" என்று கேட்கலாம். 1974-இல் நம் நாட்டிலேயே அது நடந்துவிட்டது. ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் எல்லையை ஒட்டிய கிராமங்களில், அறுவடைக்கு முன்னால் பருவம் தப்பி மழை பெய்தது. நனைந்த மக்காச்சோளத்தைச் சரியாகக் காயவைக்க முடியவில்லை. அந்த ஏழை ஜனங்களுக்கு வேறு தானியமும் இல்லை. பூசணம் பிடித்ததையே அரைத்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள். மஞ்சள்காமாலை கண்டது, வயிற்றில் நீர் கோத்தது. நோயில் விழுந்த 397 பேரில் 106 பேர் இறந்தார்கள். அந்த வீடுகளில் அதே சாப்பாட்டைத் தின்ற நாய்களும் செத்தன. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் ஆராய்ந்து, காரணம் அஃபிளாடாக்சின்தான் என்று சொன்னார்கள்.

இப்படிக் கண்ணுக்குத் தெரிந்து வரும் சாவு அபூர்வம். தெரியாமல் வருவதுதான் அதிகம். கொஞ்சமாகத் தின்றால் இன்றைக்கு வயிறு வலிக்காது, நாளைக்கும் ஒன்றும் தெரியாது. பல வருஷம் கழித்து ஈரலில் தெரியும். பி வகை மஞ்சள்காமாலைக் கிருமி உடம்பில் இருப்பவருக்கு இந்த நஞ்சும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு ஆகிறது. 1987-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் வரிசையில் இதைச் சேர்த்துவிட்டது.

ஆனால் இதைத் தடுக்க முடியும் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. சீனாவில் சிடோங் என்ற பகுதி ஈரல் புற்றுநோய்க்குப் பேர்போனது. பூசணம் பிடித்த மக்காச்சோளம்தான் அங்கே முக்கிய உணவு. 1980-களில் அங்குள்ளவர்கள் அரிசிக்கு மாறினார்கள். பின்னாளில் கணக்கெடுத்தபோது, 35 வயதுக்கு உட்பட்டவர்களிடையே ஈரல் புற்றால் வரும் சாவு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. பச்சைக் குழந்தைகளுக்கு மஞ்சள்காமாலைத் தடுப்பூசி போடுவது வழக்கத்துக்கு வரும் முன்னே பிறந்தவர்கள் அவர்கள். தட்டில் விழுந்த உணவு மாறியது, நோயும் குறைந்தது.

நாம் கடலையை விட வேண்டியதில்லை. நல்ல பண்டம் அது. பூசணத்தைத்தான் விட வேண்டும். இந்தப் பூஞ்சாணம் மண்ணிலேயே இருக்கிறது. கடைசிக் காலத்தில் காய்ச்சல் கண்ட செடியிலும், வெட்டுப்பட்ட காயிலும், பூச்சி துளைத்த காயிலும் சுலபமாக நுழைகிறது. ஆகவே முற்றியதும் தாமதிக்காமல் பிடுங்குங்கள். கொடியைக் குவியலாகப் போட்டு வைக்காதீர்கள். காய் மேலே வரும்படி பரப்பிக் காயவிடுங்கள். ஆட்டிப் பார்த்தால் பருப்பு உள்ளே கலகலவென்று சத்தம் போட வேண்டும். உடைக்கும்போது பருப்பு நொறுங்காமல் இருக்கட்டும் என்று காயின்மேல் தண்ணீர் தெளிக்கிறோமே, அது பூசணத்துக்கு விருந்து வைப்பது போல. மூட்டையை வெறுந்தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குங்கள்.

சுருங்கியதை, நிறம் மாறியதை, பூசணம் கண்டதைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுக்கப் போகாது. "நல்லது சந்தைக்கு, சொத்தை வீட்டுக்கு" என்ற பழக்கம்தான் நம் பிள்ளைகளுக்குக் கெடுதல். சொத்தையைச் செக்குக்கும் அனுப்ப வேண்டாம். எண்ணெயிலும் கொஞ்சம் இறங்கும், மிச்சம் புண்ணாக்கில் தங்கும். அந்தப் புண்ணாக்கை மாடு தின்றால் பாலிலும் நஞ்சு வரும். அந்தப் பாலைக் குடிப்பது யார்? பொறுக்கியதைக் குழிவெட்டிப் புதைத்துவிடுங்கள்.

அதோடு, பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலேயே பி வகை மஞ்சள்காமாலைத் தடுப்பூசி போட்டுவிடுங்கள். சாராயத்தை விட்டால் ஈரலுக்கு இன்னும் நல்லது.

இரண்டு படி சொத்தைக் கடலையைக் கொட்டுவது நஷ்டம் போலத் தோன்றும். அதைத் தின்று, பின்னால் நிலத்தை விற்று வைத்தியம் பார்ப்பதுதான் நஷ்டம். அடுத்த முறை களத்தில் கடலை பொறுக்கும்போது வீட்டுப் பெண்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.