நியண்டர்தால் எலும்புகளும் அறிஞர் முற்கோள்களும்

1856ஆம் ஆண்டு யேர்மனியின் டுசல்டோர்ப் நகருக்கு அண்மையிலுள்ள நியண்டர் பள்ளத்தாக்கிலே, சுண்ணாம்புக்கல் அகழ்ந்த தொழிலாளர் ஒரு குகையிலிருந்து சில எலும்புகளை வெளிக்கொணர்ந்தனர். கரடியினுடையவை என முதலிற் கருதப்பட்ட அவற்றை மனித எலும்புகளென இனங்கண்டவர் பாடசாலை ஆசிரியரான யொகான் கார்ல் பூல்ரொட் ஆவார். தடித்த புருவமேடும் தாழ்ந்த நெற்றியும் கொண்ட அம்மனிதன் யார் என்னும் வினா அன்று தொடக்கம் அறிஞரிடையே பெரும் விவாதத்துக்குரியதாயிற்று.

பொன் நகரத்து உடற்கூற்றறிஞர் ஷாப்ஹௌசன், அவ்வெலும்புகள் ஐரோப்பாவின் மிகத் தொன்மையான மக்களுக்குரியவை என 1857இல் எடுத்துரைத்தார். டார்வினின் நூல் வெளிவருவதற்கு இரண்டாண்டுகள் முந்திய காலம் அது. அந்நகரத்தவரான மாயரோ, 1814இல் அவ்வழி சென்ற இரசியப் படையின் கொசாக்கு வீரன் ஒருவனது எலும்புகளே அவை என 1864இல் வாதிட்டார். அதே ஆண்டில் வில்லியம் கிங் அவற்றைத் தனியோர் இனமாகக் கொண்டு 'ஹோமோ நியண்டர்தாலென்சிஸ்' எனப் பெயரிட்டார். கூர்ப்புக் கொள்கையில் ஐயங்கொண்டிருந்த நோயியலறிஞர் விர்க்கோ, இவ்வடிவம் றிக்கெற்சு, மூட்டுவாதம் முதலியவற்றின் விளைவே என 1872இல் தீர்ப்பளித்தார். அவரது புகழ் காரணமாக அத்தீர்ப்பு நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றது. எனினும், 1886இல் பெல்சியத்தின் ஸ்பீ குகையில் ஒத்த இயல்புடைய இருவரின் எலும்புகள் கற்கருவிகளோடும் அழிந்துபோன விலங்குகளின் எச்சங்களோடும் கிடைத்தன. வெவ்வேறிடத்து மூவரும் ஒரே வகையில் நோயுற்றிருந்தனர் எனக் கொள்ளுதல் பொருந்தாதாயிற்று.

நோயாளி என்ற கருத்து நீங்கியதும் விலங்கனையவன் என்ற கருத்து அவ்விடத்தைப் பெற்றது. 1908இல் பிரான்சின் லா சாப்பெல் என்னும் ஊரிற் கிடைத்த முதியவரின் எலும்புக்கூட்டை ஆராய்ந்த மார்செலின் பூல், நியண்டர்தாலரை முழங்கால் மடிந்து கூனி நடந்தவராகச் சித்திரித்தார். தற்கால மனிதரின் மூதாதையர் வரிசையினின்றும் அவர்களை விலக்கினார். அம்முதியவர் கடும் மூட்டுவாதத்தால் வருந்தியவர் என்பதையும், நியண்டர்தாலர் நம்மைப்போல் நிமிர்ந்து நடந்தவரே என்பதையும் 1957இல் ஸ்ட்ரௌசும் கேவும் எடுத்துக்காட்டினர். ஆயின், மூட்டுவாதம் மாத்திரம் பூலின் பிழைக்குக் காரணமாகாது என 1985இல் எரிக் டிரிங்கௌஸ் நிறுவினார். பூலின் முற்கோள்களே எலும்புகளுக்கு அவ்வாறு பொருள் கற்பித்தன.

ஆய்வுகூடம் புகுந்தபின்னும் விவாதம் ஓயவில்லை. 1856இல் கிடைத்த அதே எலும்பிலிருந்து இழைமணி டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்த சுவாந்தே பேபோவின் குழுவினர், அது தற்கால மனிதரின் வேறுபாட்டெல்லைக்கு அப்பாற்பட்டது என 1997இல் அறிவித்தனர். கலப்பு நிகழவில்லை என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. ஆனால், இழைமணி டி.என்.ஏ. தாய்வழி மாத்திரமே தொடர்வது. கருவிலுள்ள மரபணுத்தொகுதியை அவர்கள் 2010இல் ஆராய்ந்தபோது, ஆபிரிக்காவுக்கு வெளியேயுள்ள மக்களின் மரபணுக்களில் 1 முதல் 4 வீதம் வரை நியண்டர்தாலரிடமிருந்து வந்தவை எனக் கண்டனர். பிற்கால ஆய்வுகள் இதனை ஏறத்தாழ 2 வீதமெனக் கணித்தன. 2022இல் பேபோவுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நாகரிக மனிதனுக்கும் அவனல்லாதவனுக்கும் இடையே எல்லை வகுக்கும் வேட்கை இவ்விவாதத்தின் பெரும்பகுதியை இயக்கியது எனலாம். பூல்ரொட்டும் ஷாப்ஹௌசனும் கண்ட எலும்புகளையே விர்க்கோவும் கண்டார், முடிவுகளோ வேறுபட்டன. எனினும், இவ்வரலாற்றைக் கொண்டு விஞ்ஞானத்தை நம்பத்தகாதது எனக் கொள்ளுதல் தவறாகும். ஒவ்வொரு பிழையும் சான்றினை மீள நோக்கியவராலேயே திருத்தப்பட்டது. அயலான் எனப் புறந்தள்ளப்பட்டவன் மனித குலத்தின் பெரும்பகுதிக்கு மூதாதையருள் ஒருவனாயினமை அம்மீள்நோக்கின் பயனேயாம்.