புஷிடோ: ஒரு தொன்மரபின் அண்மை வரலாறு

ஜப்பானியரின் கடமையுணர்வை விளக்க முற்படும் அயல்நாட்டார் பலர், 'புஷிடோ' என்னும் ஒரு சொல்லையே முதற்காரணமாகக் காட்டுவர். சாமுராய் எனப்பட்ட போர்மறவர் பன்னூறாண்டுகளாகப் போற்றிய அறநெறி அது என்றும், அதுவே ஜப்பானியர் அனைவரின் இயல்பாயிற்று என்றும் கூறுவர். இக்கருத்து உருவான வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

இதனை உலகறியச் செய்தவருள் முதன்மையானவர் நிதோபே இனாசோ. 1862இல் மொரியோகாவில் சாமுராய்க் குடியில் பிறந்த இவர், பின்னர்க் கிறித்துவ சமயத்தைத் தழுவினார். 'புஷிடோ: ஜப்பானின் ஆன்மா' என்னும் நூலை அமெரிக்காவில் தங்கியிருந்தபோது ஆங்கிலத்தில் எழுதினார். அது 1900இல் வெளிவந்தது. ஜப்பானிய மொழிபெயர்ப்போ 1908இல்தான் வந்தது. பள்ளிகளில் சமயக் கல்வி இல்லையெனில் அறத்தை எங்ஙனம் கற்பிக்கின்றீர் எனப் பெல்ஜிய அறிஞர் லவெலே முன்பொருமுறை வினவியதை நிதோபே தம் முன்னுரையில் நினைவுகூர்கிறார். ஆகவே, அந்நூல் மேலைநாட்டாருக்கு அளிக்கப்பட்ட விடை எனலாம்.

இதனால் புஷிடோ முற்றிலும் புனைவு என்று கொள்ளுதல் ஆகாது. 1912இல் சேம்பர்லேன் ஏறத்தாழ அவ்வாறே வாதிட்டார். ஆயினும் அச்சொல் 17ஆம் நூற்றாண்டின் 'கோயோ குன்கன்' நூலிலேயே காணப்படுகிறது. சாமுராய் அனைவரும் ஏற்றுக்கொண்ட ஒரே நெறிநூல் இருந்ததில்லை என்பதே நாம் கருதத்தக்கது. இன்று பெரிதும் பேசப்படும் 'ஹாகாகுரே' 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்டு, சாகா சிற்றரசில் கையெழுத்துப்படிகளாக வழங்கி, 1906இல் அச்சேறியது. தோகுகாவா ஆட்சிக் காலத்தில் (1603–1868) சாமுராய் வகுப்பினர் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கினும் குறைந்தவர். நீண்ட அமைதியில் அவருள் பலர் அரசு அலுவலராயினர். 1876இல் வாளேந்தும் உரிமையும் நீங்கியது. அவ்வகுப்பு மறைந்த பின்னரே, அதன் நெறி எனப்பட்டது படையின் வழியும் பள்ளியின் வழியும் நாட்டு மக்கள் அனைவர்க்கும் உரியதாக்கப்பட்டது.

இது மலேசியத் தமிழரான நமக்கும் தொடர்பற்ற செய்தியன்று. ஜப்பானியர் ஆட்சியில் (1942–1945) தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில்பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். அக்கொடுமைக்குச் சாமுராய் மரபே காரணம் என்பாருளர். 1982இல் கிழக்கு நோக்கும் கொள்கை அறிவிக்கப்பட்டபின், போற்றத்தக்க உழைப்பிற்கும் அம்மரபே காரணமாகக் காட்டப்பட்டது. எதிரெதிரான இரண்டிற்கும் ஒன்றே காரணமாயின், அஃது எதனையும் விளக்கவில்லை என்பதே பொருள். முன்னதில் ஆணையிட்டவர் பொறுப்பு மறைகிறது. பின்னதில் பயிற்சி, ஊதியம், தொழிலக அமைப்பு ஆகியவை மறைகின்றன.

ஓரினத்தின் நடத்தைக்குத் தொன்மையைக் காரணமாகக் காட்டுமுன், அத்தொன்மை எப்போது, எவருக்காக எழுதப்பட்டது என்று வினவ மாணவர்க்குக் கற்பித்தல் நம் கடமையாகும்.