பல்லுக்கும் தோலுக்கும் ஒரே மரபணு

வேலூரை அடுத்த பொய்கை மாட்டுச் சந்தையில் மாடு வாங்க வருபவர் கீழுதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பார். இரண்டு பல்லா, நான்கு பல்லா, கடை முளைத்துவிட்டதா என்பதை வைத்து வயதைக் கணிப்பார். விலைப் பேச்சு அதற்குப் பிறகுதான். மேல்தாடையின் முன்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. மாட்டுக்கும் ஆட்டுக்கும் அங்கே பற்களே கிடையாது.

மாட்டின் தோல் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அங்கே சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்ந்த கரைசலில் மயிரைக் கழித்ததும் மயிர்க்கால்களின் துளைகள் மட்டும் தோலில் எஞ்சும். வெள்ளாட்டுத் தோலில் பெரிய துளைகள் மும்மூன்றாகக் கூடி நிற்கும். மாட்டுத் தோலில் அவை பரவலாகச் சிதறியிருக்கும். பல்லுக்கும் இந்தத் துளைகளுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். நெருங்கிய உறவு. பல்லின் எனாமல், மயிர்க்கால், வியர்வைச் சுரப்பி மூன்றும் கருவின் புறப்படையிலிருந்து எழுகின்றன. பல்லை உருவாக்கும் மரபணுக்களைத் தேடிய வரலாற்றில் முக்கியமான துப்பு ஒன்று வியர்க்காத தோலிலிருந்து கிடைத்தது. அந்தத் துப்பு கிடைத்த இடம் சிந்து.

வளர்ப்பு விலங்குகளிலும் தாவரங்களிலும் காணும் மாறுபாடுகள் பற்றிய தம் நூலின் 1875ஆம் ஆண்டுப் பதிப்பில், வெட்டர்பர்ன் என்பவர் தெரிவித்த செய்தியொன்றை டார்வின் சேர்த்தார். சிந்துப் பகுதியின் இந்துக் குடும்பம் ஒன்றில், நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்குச் சிறிய முன்பற்கள் நான்கும் கடைவாய்ப் பற்கள் எட்டும் மட்டுமே இருந்தன. உடலில் மயிர் குறைவு, இளவயதிலேயே வழுக்கை, கோடையில் தோல் வறண்டு அவதி. மகள்களுக்கு இக்குறை வரவில்லை, ஆனால் அவர்கள் வழியாகப் பேரன்களுக்கு வந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு நேராக வந்ததே இல்லை. எக்ஸ் குரோமோசோம் வழிப் பரம்பரையின் இலக்கணம் முழுவதும் இந்தக் குறிப்பில் இருக்கிறது. அதைப் படிக்கத் தேவையான மரபியல் அன்று டார்வினிடம் இல்லை. 1921இல் தடானி என்ற ஆய்வாளர் சிந்துவின் பல்லில்லா மனிதர்களைப் பற்றி மரபியல் இதழ் ஒன்றில் எழுதினார்.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைக்க ஒரு சுண்டெலி வேண்டியிருந்தது. 1952இல் ஃபால்கனர் 'டாபி' என்ற சுண்டெலி வகையை விவரித்தார். இதன் ஆண் எலிக்கு வாலில் மயிர் இல்லை, பாதத்தில் வியர்வைச் சுரப்பி இல்லை. கடைவாய்ப் பற்கள் சிறுத்து, முகடுகள் குறைந்திருக்கும். பெண் எலியின் உடலில் வரிகள் ஓடும். ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அடங்கிவிடுவதே காரணம் என்று மேரி லயன் 1961இல் விளக்கியபோது இத்தகைய எலிகளே அவருக்குச் சான்றாயின.

இதற்கிடையில் வேறொரு கேள்வி சூடுபிடித்தது. பல்லை உருவாக்கும் கட்டளை எங்கிருந்து வருகிறது? கோலாரும் பெயர்டும் 1970இல், எலிக் கருவின் பல் மொட்டிலுள்ள அடித்திசுவைப் பாதத்தின் மேல்தோலோடு சேர்த்து வளர்த்தார்கள். பாதத் தோல் எனாமலை உண்டாக்கியது! ஆயினும் கட்டளை அடித்திசுவில் பிறப்பதில்லை. கருவின் ஆரம்ப நாட்களில் தாடையின் மேற்படலமே முதல் சொல்லைச் சொல்கிறது. அடித்திசு அதைப் பெற்றுத் திருப்பிச் சொல்கிறது. இதை 1987, 1988ஆம் ஆண்டுகளின் சோதனைகள் காட்டின.

அந்த உரையாடலின் சொற்கள் தொண்ணூறுகளில் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. பிஎம்பி-4 என்ற புரதம் மேற்படலத்திலிருந்து அடித்திசுவுக்குச் செல்லும் குறிப்பு என்று ஹெல்சிங்கியில் இர்மா தெஸ்லெஃப் குழு 1993இல் காட்டியது. மறு ஆண்டு எம்எஸ்எக்ஸ்-1 மரபணு நீக்கப்பட்ட எலிக்கருவில் பல் மொட்டு நிலையிலேயே நின்றுபோனது. முன்பல்லா கடைவாய்ப் பல்லா என்பதையும் மரபணுக்களே தீர்மானிக்கின்றன. 1998இல் லண்டனில் டக்கரும் ஷார்ப்பும் பிஎம்பி குறிப்பைத் தடுத்தபோது முன்பல் வரவேண்டிய இடத்தில் கடைவாய்ப் பல் முளைத்தது. இந்த வரலாற்றில் இதைவிட வியப்பான சோதனை வேறில்லை.

சிந்துக் குடும்பத்தைப் போன்ற நோயாளிகளிடம் பழுதுபட்டிருக்கும் மரபணு 1996இல் பிடிபட்டது. அதன் பெயர் ஈடிஏ. அது உண்டாக்கும் புரதம் எக்டோடிஸ்பிளாசின். அடுத்த ஆண்டே டாபி எலியிலும் பழுதானது அதே மரபணுதான் என்று உறுதியானது. வளரும் பல்லின் நடுவே எனாமல் முடிச்சு என்ற சிறு செல்கூட்டம் இருக்கிறது. முகடுகள் எங்கே எழவேண்டும் என்று அதுவே குறிப்பு அனுப்புகிறது. எக்டோடிஸ்பிளாசினை ஏற்கும் புரதம் அந்த முடிச்சில்தான் இருக்கிறது. டாபி எலியில் முடிச்சு சிறுத்துவிடுவதால் பல்லும் சிறுக்கிறது. எக்டோடிஸ்பிளாசினை மிகுதியாகச் சுரக்கச் செய்த எலிகளுக்குக் கூடுதல் பல் முளைத்ததை 2003இல் பதிவு செய்தார்கள்.

மாடுகளும் இக்கதைக்குள் வந்தன. 2001இல் ஜெர்மானிய ஹோல்ஸ்டீன் கன்றுகள் சில அரைகுறை மயிரோடும் குறைந்த பற்களோடும் பிறந்ததற்கு இதே மரபணுவின் ஒரு பகுதி அழிந்திருந்ததே காரணம் என்று ட்ரோகமுல்லர் குழு கண்டறிந்தது. சந்தையில் பார்க்கும் பல்லுக்கும் தொழிற்சாலையில் பார்க்கும் மயிர்த்துளைக்கும் ஒரே மரபணுவில் வேர் இருப்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

ஆம்பூர்க் கோடையில் இது ஏட்டறிவாக நின்றுவிட முடியாது. வியர்க்காத குழந்தைக்கு வெயில் காய்ச்சலாகத் தெரியும். உடல் வெப்பம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். கூம்பு வடிவப் பற்கள் ஒன்றிரண்டு மட்டும் முளைத்த, அடிக்கடி காரணமின்றிச் சூடேறும் ஆண் குழந்தையைப் பல் மருத்துவரே முதலில் அடையாளம் காணக்கூடும். குறையைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் அது வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு உண்டு. குடும்பங்களுக்கு இதை எடுத்துச் சொல்லவே மரபியல் ஆலோசனை இருக்கிறது. 2018இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் ஹோல்ம் ஷ்னைடர் குழு மூன்று கருக்களுக்குப் பனிக்குட நீர் வழியாக எக்டோடிஸ்பிளாசின் புரதத்தைச் செலுத்திய முடிவை வெளியிட்டது. பிறந்த மூவருக்கும் இயல்பாக வியர்த்தது. சிகிச்சை பெறாத நோயாளிகளைவிடக் கூடுதலான பல் மொட்டுகளும் தாடைக்குள் இருந்தன.