தூக்கி எறியாதீர், அது பினாங்கில் பிறந்ததாக இருக்கலாம்!

பழைய காரை ஆசையாக வாங்கிப் புதுப்பிப்பவர்கள் புக்கிட் மெர்தாஜாமிலும் உண்டு. சாயம் பூசுவார்கள், இருக்கைகளை மாற்றுவார்கள். பாடாத கேசட் வானொலியை மட்டும் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுவார்கள். அந்தப் பெட்டியை ஒருமுறை திருப்பிப் பார்த்தால் என்ன? 'மலேசியாவில் தயாரிக்கப்பட்டது' என்ற எழுத்துகள் அதில் இருந்தால், அது பினாங்குப் பாலத்திற்கு அந்தப் பக்கம் உருவானதாக இருக்கலாம்.

1969ஆம் ஆண்டு பினாங்குத் தீவு தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வணிகம் படுத்தது, வேலையில்லாத் திண்டாட்டம் வாட்டியது. அதே ஆண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ தொழிற்சாலைகளை நாடினார். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வலயம் உருவானது. அங்கு முதலில் வந்த எட்டு அயல்நாட்டு நிறுவனங்களைப் பின்னாளில் 'எட்டு சாமுராய்கள்' என்றனர். அவற்றுள் இண்டெலை எல்லாரும் அறிவோம். ஜப்பானின் கிளாரியனும் ஜெர்மனியின் ராபர்ட் போஷும் அந்த எட்டில் அடங்கும் என்பது பலருக்குத் தெரியாது. கிளாரியன், கார் வானொலிக்கே பெயர் பெற்ற நிறுவனம். போஷின் கார் வானொலியோ புகழ்பெற்ற புளௌபுங்க்ட்.

அத்தொழிற்சாலைகளின் உற்பத்தி வரிசையில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். பாலம் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது 1985 செப்டம்பரில்தான். அதுவரை பெருநிலத்திலிருந்து தீவுக்கு வேலைக்குச் சென்றவர்களுக்குப் பட்டர்வொர்த் ஃபெர்ரிதான் துணை.

கேசட்டை உலகுக்குத் தந்தது பிலிப்ஸ் நிறுவனம். லூ ஓட்டன்ஸ் தலைமையிலான குழு உருவாக்கிய அது, 1963இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகமானது. காருக்குள் அது நுழைந்ததும், வானொலி போட்ட பாட்டைக் கேட்ட காலம் போய், விரும்பிய பாட்டைப் போட்டுக் கேட்கும் காலம் வந்தது. முதல் புரோட்டோன் சாகா 1985 ஜூலையில் வெளிவந்தபோது கேசட்டுக்குப் பொற்காலம். பிறகு குறுந்தட்டு வந்து அதைத் தள்ளியது. அமெரிக்காவில் தொழிற்சாலையிலேயே கேசட் பொருத்தி விற்கப்பட்ட கடைசிப் புதிய கார், 2010ஆம் ஆண்டின் லெக்சஸ் எஸ்சி 430 என்பார்கள்.

இத்தனை வரலாற்றைச் சுமக்கும் பெட்டி ஏன் பாடவில்லை? பெரும்பாலும் குற்றவாளி ஒரு சின்ன ரப்பர் பெல்ட்தான். நம் நாட்டு வெயிலில் பல்லாண்டு கிடந்து அது தளர்ந்துவிடும், அல்லது தார்போல உருகி ஒட்டிக்கொள்ளும். மோட்டார் சுழலும், நாடா நகராது. பிசினைச் சுத்தமாகத் துடைத்து, அதே நீளமும் தடிமனும் கொண்ட பெல்ட்டை மாட்ட வேண்டும். நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளையையும், ஒலியைப் படிக்கும் தலையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். காய்ந்துபோன கெப்பாசிட்டர்களை மாற்ற வேண்டும். நாடா வினாடிக்கு 4.76 செண்டிமீட்டர் வேகத்தில் ஓடினால்தான் பாடகரின் குரல் அவருடைய குரலாகக் கேட்கும்.

இதற்குப் பொறுமை வேண்டும், இந்த வேலை தெரிந்த கையும் வேண்டும். அந்தக் கைகள் மூப்படைந்து வருகின்றன. ஒயரை வெட்டி, முகப்பை அறுத்துப் புதிய பெட்டியைத் திணிப்பது அரை நாள் வேலை. அறுத்ததை மீண்டும் பழையபடி ஆக்குவது எளிதல்ல.

பினாங்கின் தொழில் வரலாற்றை இண்டெலின் சில்லுகளோடு நிறுத்திவிடக் கூடாது. ஃபெர்ரி ஏறிப்போன நம் அக்காமார்களின் விரல்கள் பட்டவை அந்த வானொலிகள். இரும்புக் கடைக்குப் போகுமுன், ஒரு பெல்ட்டையாவது மாற்றிப் பார்ப்போமே!