லமஹோலோட்: மருமகள்கள் மாற்றிய மொழி

ஓர் ஊரின் பெயரை அட்டையில் தாங்கிய இலக்கண நூல்கள் மேல் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. ‘பிரெஞ்சு இலக்கணம்’ என்றால் கை நீளாது. ‘இன்ன மொழி, இன்ன ஊர்ப் பேச்சு’ என்று இருந்தால் உடனே திறந்துவிடுவேன். அப்படித் திறந்தவற்றில் லமஹோலோட் பற்றியவை தனி ரகம். ஒருவர் லமலேரா ஊர்ப் பேச்சை ஆராய்ந்திருக்கிறார். இன்னொருவர் லெவோயிங்கு. இன்னொருவர் லெவோதோபி. வேறொருவர் லெவோலெமா. முதலில் இவை நான்கு தனி மொழிகள் என்றே நினைத்தேன். எல்லாமே லமஹோலோட்தான் என்று தெரிந்தபோது, ‘அட, ஒரு மொழிக்கு இத்தனை புத்தகமா?’ என்று தோன்றியது. படிக்கப் படிக்க அந்தக் கேள்வி தலைகீழானது. இத்தனை ஊருக்கும் உண்மையிலேயே ஒரே மொழிதானா?

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். இந்தோனேசியாவின் கிழக்கில், பாலிக்கு அப்பால் நீளும் தீவு வரிசையில் ஃபுளோரெஸ் ஒரு பெரிய தீவு. அதன் கிழக்கு முனையிலும், அதை ஒட்டிய சோலோர், அடோனாரா, லெம்பாத்தா ஆகிய சிறு தீவுகளிலும் லமஹோலோட் பேசப்படுகிறது. பேசுபவர்கள் ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் பேர் வரை. தீவுகளுக்கு நடுவே குறுகிய, வேகமான நீரோட்டம் கொண்ட கடல். எங்கு திரும்பினாலும் எரிமலை. ‘இலே’ என்றால் மலை, ‘லெவோ’ என்றால் ஊர். வரைபடத்தில் பாதிப் பெயர்கள் இந்த இரண்டில் ஒன்றோடுதான் தொடங்குகின்றன.

மொழியின் பெயரே ஒரு சிக்கல். ‘ஹோலோட்’ என்பதும் ‘சோலோர்’ என்பதும் ஒரே பெயரின் இரண்டு உச்சரிப்புகள். 1365-இல் ஜாவாவில் எழுதப்பட்ட நாகரகிருதாகமம் என்ற காவியம் மஜபாகித் அரசின் கீழ் இருந்ததாகச் சொல்லும் தீவுகளின் பட்டியலில் ‘சோலோட்’ வருகிறது. பிறகு தைமோரின் சந்தன மரத்தைத் தேடிப் போர்ச்சுக்கீசியர் வந்தார்கள். 1566-இல் டொமினிக்கன் பாதிரிமார் சோலோர் தீவில் கோட்டை கட்டினார்கள். 1613-இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது, கைக்குக் கிடைத்தது ‘சோலோர்’.

ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஃபாட்டர் 1928, 29-இல் இந்தத் தீவுகளைச் சுற்றிவிட்டு 1932-இல் வெளியிட்ட நூலுக்கு ‘அத்தா கிவான்’ என்று பெயர் வைத்தார். மலை ஆட்கள் என்று பொருள். அது மக்கள் எல்லோரும் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்ல. கரையில் இருப்பவர்கள் ‘வத்தான்’, மேலே இருப்பவர்கள் ‘கிவான்’. நம் ஊரில் ‘மேலத்தெரு’, ‘கீழத்தெரு’ என்பதுபோல, சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லும் பெயர் அது. 1937-இல் பாவுல் ஆர்ன்ட் என்ற ஜெர்மானியப் பாதிரியார் முதல் விரிவான இலக்கணத்தை எழுதினார். அதை அவர் ‘சோலோர் மொழி’யின் இலக்கணம் என்றே அழைத்தார். அடுத்த ஆண்டே இதே மக்கள் ‘தெமோன்’, ‘பாஜி’ என்று இரண்டாகப் பிரிந்து தலைமுறைகளாக மோதிக்கொண்டதைப் பற்றியும் எழுதினார். ஒரே மொழி பேசினாலும் ஒரே கட்சியாக இருக்கவேண்டும் என்பதில்லை. இது நமக்குத் தெரியாததா என்ன!

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர் கிரேகோரியுஸ் கெராஃப். லெம்பாத்தாவின் தென்கரையில் இருக்கும் லமலேராவில் 1936-இல் பிறந்தவர். லமலேரா சாதாரண ஊர் அல்ல. மரப்படகில் போய், கையில் ஈட்டியோடு பாய்ந்து திமிங்கலம் பிடிக்கும் ஊர். பிடித்த இறைச்சியை உலர்த்தி, பெண்கள் தலையில் சுமந்து மலையூர்களுக்கு நடந்துபோய்ச் சோளத்துக்கு மாற்றி வருவார்கள். அந்த ஊரிலிருந்து ஜகார்த்தா போன கெராஃப் இந்தோனேசிய மொழிக்குப் பாடநூல்கள் எழுதினார். இலக்கணம், கட்டுரை எழுதும் முறை, சொல்லாட்சி எனத் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் படித்த நூல்கள். தேசிய மொழியை எப்படி எழுதவேண்டும் என்று நாட்டுக்கே சொல்லிக்கொடுத்தவர், முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது தன் ஊர்ப் பேச்சை. ‘லமலேராக் கிளைமொழியின் உருபனியல்’, 1978.

அந்த ஆய்வுக்காக அவர் ஊர் ஊராகச் சொற்களைத் திரட்டினார். கை, கண், நீர், நெருப்பு, ஒன்று, இரண்டு என எல்லா மொழியிலும் இருக்கிற அடிப்படைச் சொற்கள். முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்ப் பேச்சுகளை ஒப்பிட்டு, மேற்கு, நடு, கிழக்கு என்று மூன்றாகப் பிரித்தார். அடுத்தடுத்த ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வார்கள். சங்கிலியின் இரு முனைகளையும் பக்கத்தில் உட்காரவைத்தால் சிரமம்தான். ‘இது மொழியா, கிளைமொழியா?’ என்ற கேள்விக்கு இங்கே யாராலும் கோடு போட முடியாது. உலக மொழிகளைப் பட்டியலிடுபவர்கள் இன்று இந்தச் சங்கிலிக்குச் சுமார் பத்துக் குறியீடுகள் கொடுத்திருக்கிறார்கள். லைடன் பல்கலைக்கழகத்தில் ஹன்னா ஃப்ரிக்கே 2019-இல் முடித்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. மேற்கு, நடு, கிழக்கு என்ற மூன்றையும் தனித்தனிக் கிளைகளாகவே வைக்கிறார். ‘லமஹோலோட்’ என்பது ஒரே தாய் பெற்ற பிள்ளைகளின் பெயரா, பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்த பிள்ளைகளின் பெயரா என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது.

சரி, மொழி எப்படி இருக்கும்? குனியோ நிஷியாமாவும் ஹெர்மன் கெலெனும் 2007-இல் எழுதிய லெவோயிங்கு இலக்கணத்திலிருந்து ஒரே ஒரு வினையை எடுக்கிறேன். ‘குடி’. ‘கோ’ என்றால் நான், ‘மோ’ என்றால் நீ, ‘நா’ என்றால் அவன் அல்லது அவள், ‘ரா’ என்றால் அவர்கள். கோ கெனு, நான் குடிக்கிறேன். மோ மெனு, நீ குடிக்கிறாய். நா நெனு, அவன் குடிக்கிறான். ரா ரெனு, அவர்கள் குடிக்கிறார்கள். நம் வினையில் ஏன், ஆய், ஆன் என்று வால் மாறுகிறது. அவர்கள் வினையில் தலை மாறுகிறது. வேலை ஒன்றுதான்.

இன்னொன்றும் நமக்குச் சட்டென்று பிடிபடும். ‘தித்தெ’ என்றால் நாம். ‘காமெ’ என்றால் நாங்கள். ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டை விளக்க ஒரு பத்தி வேண்டும். தமிழ் வாசகருக்கு இரண்டு சொல் போதும். எதிரில் இருப்பவரைச் சேர்த்துக்கொண்டால் தித்தெ, வெளியே நிறுத்தினால் காமெ.

மறுப்புச் சொல் மட்டும் ஒரு புதிர். லமஹோலோட் மலாய் மொழியைப் போல ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. மலாயில் ‘இல்லை’ வினைக்கு முன்னால் வரும். லமஹோலோட்டில் ‘ஹலா’ வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. உடைமையாளரின் பெயரும் மலாயில் பொருளுக்குப் பின்னால், இங்கே முன்னால். இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது? கிழக்கே அலோர், பந்தார் தீவுகளில் இருபதுக்கும் மேற்பட்ட பப்புவ மொழிகள் இன்றும் பேசப்படுகின்றன. அவை வேறு குடும்பம். ஃபுளோரெஸிலோ லெம்பாத்தாவிலோ அப்படி ஒன்றுகூட இன்று இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இருந்திருக்கவேண்டும் என்கிறார் ஃப்ரிக்கே. ஆஸ்திரோனேசியர் படகில் வந்து இறங்கியபோது இங்கே ஏற்கனவே மக்கள் இருந்தார்கள். இரு தரப்பும் நெடுங்காலம் கலந்து வாழ்ந்தார்கள். பிள்ளைகள் இரண்டு மொழியையும் தாய்மடியிலேயே கற்றார்கள். பழைய மொழி செத்துப்போனது, அதன் வாக்கிய ஒழுங்கு புது மொழிக்குள் குடியேறிவிட்டது. கல்வெட்டு இல்லை, ஏடு இல்லை. ஒரு ‘இல்லை’ இருக்கும் இடம்தான் சாட்சி.

இது கூடிய கதை. இனிச் சொல்லப்போவது குறைந்த கதை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அலோர், பந்தார் தீவுகளின் கரையோரத்தில் சுமார் 25,000 பேர் அலோரிய மொழி பேசுகிறார்கள். பெரும்பாலும் மீனவர்கள், வணிகர்கள், முஸ்லிம்கள். சுற்றிலும் பப்புவ மொழிகள், நடுவே இது மட்டும் லமஹோலோட்டின் உறவு. அதனால் நெடுங்காலம் இதை லமஹோலோட்டின் ஒரு கிளைமொழி என்றே எழுதிவந்தார்கள். லைடனைச் சேர்ந்த மரியான் கிளாமர் அங்கே போய்ப் பதிவுசெய்து 2011-இல் ஒரு சிறிய இலக்கணம் வெளியிட்டார். சொற்கள் உறவு சொல்கின்றன, உண்மைதான். ஆனால் சொல்லின் தலையையும் வாலையும் காணோம். லமஹோலோட்டில் வினைக்கும் பெயருக்கும் ஒட்டிக்கொள்ளும் முன்னொட்டுகளும் பின்னொட்டுகளும் ஏறக்குறைய முழுவதும் உதிர்ந்துவிட்டன. ‘குடி’, ‘போ’ போன்ற ஒரு சில வினைகளில் மட்டும் பழைய முன்னொட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஏன்? பப்புவ மொழிகளின் தாக்கம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த மொழிகளின் வினைகளிலும் முன்னொட்டுகள் தாராளமாக உண்டு. அங்கிருந்து கடன் வாங்கியிருந்தால் கூடியிருக்கவேண்டும், குறைந்திருக்கக் கூடாது. அடிப்படைச் சொற்களிலும் பப்புவக் கடன் மிகச் சொற்பம். கிளாமர் வேறு பக்கம் பார்க்கச் சொல்கிறார். கல்யாணத்தை.

சில நூற்றாண்டுகளுக்கு முன் மேற்கிலிருந்து படகுகளில் வந்தவர்கள் சிறு கூட்டம். சொந்தக் குலத்துக்குள் மணம் செய்வது வழக்கம் இல்லை. பெண்ணை வெளியேதான் எடுக்கவேண்டும். வெளியே என்றால் மலையில் இருந்த பப்புவக் குடிகள். அலோர் பக்கம் பெண்ணுக்குப் பரிசமாக ‘மோக்கோ’ என்ற வெண்கல முரசு கொடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. லமஹோலோட் நாட்டில் அதே இடத்தில் யானைத் தந்தம், ‘பாலா’. தலைமுறைக்குத் தலைமுறை, வளர்ந்த பெண்கள் ஒரு மொழியை விட்டு இறங்கி இன்னொரு மொழிக்குள் வந்தார்கள். சிறுவயதில் கற்காமல், பெரியவர்களாக, அடுப்படியிலும் கரையிலும் நின்று கற்றார்கள். சொற்களைப் பிடித்துக்கொண்டார்கள். முன்னொட்டுகள் நழுவின. அவர்கள் பேச்சைக் கேட்டுத்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

ஊகம்தானே என்று கேட்கலாம். இன்றும் பப்புவ மொழிக்காரர்கள் பலர் வளர்ந்தபின் அலோரியம் கற்கிறார்கள். அவர்கள் பேச்சை ஃபிரான்செஸ்கா மோரோ பதிவுசெய்து ஆராய்ந்து 2019-இல் எழுதினார். மிச்சமிருக்கும் அந்த ஒரு சில முன்னொட்டுகளிலேயே அவர்கள் தடுமாறுகிறார்கள், யார் குடித்தாலும் ஒரே வடிவத்தைப் போட்டுவிடுகிறார்கள். நூற்றாண்டுகளுக்கு முன் நடந்தது இப்போதும் கண்முன்னே நடக்கிறது.

இதைப் படித்தபோது எங்கள் தெரு டீக்கடைத் தம்பிதான் ஞாபகத்துக்கு வந்தான். பீகாரிலிருந்து வந்தவன். “நான் வரும்ணா, நீ வரும், அவன் வரும்” என்பான். வரேன், வர்றே, வர்றான் எல்லாவற்றுக்கும் ஒரே ‘வரும்’. நாங்கள் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன், அவனைப்போலவே பேசிக்காட்டியும் இருக்கிறேன். ஒரு மொழியின் இத்தனை நூற்றாண்டுச் சிக்கலை அவன் ஒரே சொல்லில் அவிழ்த்துவிட்டான் என்பதும், அலோர்க் கரையில் அப்படி அவிழ்த்தவர்கள் அந்த மொழியின் தாய்மார்களாகவே ஆகிவிட்டார்கள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. ‘கொச்சை’ என்று நாம் ஒதுக்குவது, பல நேரம் வெளியே இருந்து ஒருவர் உள்ளே வந்ததற்கான ரசீது.

அந்தப் பெண்களின் பெயர்கள் எந்த ஆவணத்திலும் இல்லை. அவர்கள் மொழியிலிருந்து கொண்டுவந்த சொற்கள்கூட அதிகம் தங்கவில்லை. தங்கியது ஓர் இல்லாமை மட்டும். லமஹோலோட்டையும் அலோரியத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். ஊர்ப்பெயர் போட்ட இலக்கணங்கள் ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடப் பெரிய பதில் என்னிடம் இல்லை. லெவோயிங்குவின் முன்னொட்டுகளை யாரோ பொறுமையாக எழுதிவைக்காமல் போயிருந்தால், அலோரில் என்ன காணாமல் போனது என்றே நமக்குத் தெரிந்திருக்காது.

எழுதிவைக்கக் காலமும் தாராளமாக இல்லை. பள்ளியிலும் அலுவலகத்திலும் இந்தோனேசிய மொழிதான். நவோனோரி நகயா 2011-இல் முடித்த ஆய்வு லெவோதோபிப் பேச்சைப் பற்றியது. மலையைப் பார்த்தா, கடலைப் பார்த்தா என்று திசை சொல்லும் பேச்சு அது. ‘ராயெ’ மலைப்பக்கம், ‘லாவ்’ கடல்பக்கம். அதே லெவோதோபி எரிமலை 2024 நவம்பரில் வெடித்தது. குறைந்தது 9 பேர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு வெளியேறினார்கள். மலையை வைத்துத் திசை சொன்னவர்கள் வேறு மலையடியில் போய் இருந்தால் ‘ராயெ’ எந்தப் பக்கம்?

கடைசியாக ஒன்று. அலோரியம் இவ்வளவையும் உதிர்த்தபின்னும் ஒன்றை விடவில்லை. நாம், நாங்கள் வேறுபாடு அதில் இன்றும் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கி வந்த பெண்ணிடம், முதல் நாள் அந்த வீட்டில் ‘நாங்கள்’ என்றுதான் பேசியிருப்பார்கள். எத்தனை மாதம் கழித்து, எந்தப் பேச்சின் நடுவில் அது ‘நாம்’ ஆனது என்று எந்த இலக்கணமும் எழுதிவைக்கவில்லை. ஆனால் ஆகியிருக்கிறது.