சுவர் யாருடையது? காஞ்சியிலிருந்து கண்ணகி நகர் வரை

காஞ்சிபுரம் வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவர்களில், நந்திவர்மப் பல்லவமல்லன் காலம் வரையிலான பல்லவர் வரலாறு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. கைலாசநாதர் கோயிலின் சிறு சன்னதிகளில் 8ஆம் நூற்றாண்டு வண்ண ஓவியங்களின் மிச்சங்களை இன்றும் காணலாம். எங்கள் ஊரின் மிகப் பெரிய கலைக்கூடம் கோயில்தான். ஆனால் கோயில்களுக்குள் நுழைவது தலித்துகளின் சட்ட உரிமையானது 1947இல், சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டத்தால்தான்.

கலையைத் தெருவுக்குக் கொண்டுவருவோம் என்று இன்று பல கியூரேட்டர்கள் கிளம்பியிருக்கிறார்கள். எந்தக் கலையை, எங்கே, யாருக்குக் காட்டுவது என்று முடிவெடுப்பவர்தான் கியூரேட்டர். 2014இல் தொடங்கப்பட்ட ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, தில்லி லோதி காலனியின் அரசுக் குடியிருப்புச் சுவர்களை ஓவியங்களால் நிரப்பியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஹனிஃப் குரேஷி, கடைப் பலகை எழுதும் ஓவியர்களின் எழுத்துகளைத் தேடிச் சேகரித்தவர். 2020இல் இந்த அமைப்பு சென்னை கண்ணகி நகருக்கு வந்தது.

வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சுவர்கள் அங்கே ஏன் எழும்பின?

1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. தொடக்கத்தில் பல இடங்களில், குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. பின்னர் கொள்கை மாறியது. 2000 வாக்கில் தொடங்கி, கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் பிற பகுதிகளிலிருந்தும் மக்கள் கண்ணகி நகருக்குப் பெயர்க்கப்பட்டார்கள். அவர்களில் தலித்துகள் ஏராளம். வேலையும் பள்ளியும் பல கிலோமீட்டர் தள்ளிப் போயின. முகவரியைக் கேட்டதும் வேலை இல்லை என்று அனுப்பும் அவமானமும் சேர்ந்துகொண்டது.

ஓவியங்கள் வந்த பிறகு பார்வையாளர்கள் வந்தார்கள், பத்திரிகைகள் நல்ல விதமாக எழுதின. கெட்ட பெயரைச் சுமந்த ஊருக்கு அது சிறிய விஷயமல்ல. ஆனால் வெளியேற்றம் நிற்கவில்லை. 2022இல் மயிலாப்பூர் பக்கமுள்ள கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது, அதை எதிர்த்து ஒருவர் தீக்குளித்து உயிரை விட்டார். எந்த வண்ணத்தாலும் மூட முடியாத சுவர் அது.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியது. சேரியின் கானா அங்கே ஒரு நிகழ்ச்சியின் அலங்காரமாக இல்லை, கானாதான் நிகழ்ச்சி. நீலம் பண்பாட்டு மையத்தின் வானம் கலைத் திருவிழாவும் அப்படித்தான். எதைக் காட்டுவது என்ற முடிவு அங்கே நம் கையில் இருக்கிறது.

தோழர்களே, நாளை உங்கள் காலனிக்கும் யாராவது வண்ணத்தோடு வரலாம். விரட்ட வேண்டாம். மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள்: என்ன வரைவது என்று முடிவெடுத்தது யார்? எங்கள் ஊர் ஓவியருக்குக் கூலி உண்டா? இந்த வீட்டுக்குப் பட்டா கேட்டு நாங்கள் நிற்கும்போது நீங்களும் கூட நிற்பீர்களா?