ஸ்டாண்டர்டு 2000: லேபிளா, மருந்தா?

சாத்தூருக்குக் கிழக்கே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் இருக்கிறது இருக்கன்குடி. ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலைச் சுற்றி எத்தனை வகை வண்டிகள் நிற்கும் என்று சொல்லி முடியாது. வேன், மினி லாரி, டிராக்டர், மாருதி, பட்டாசு முதலாளிகளின் வெளிநாட்டுக் கார். புது வண்டி எதுவானாலும் பூஜை ஒன்றுதான். மாலை, சந்தனம், குங்குமம், நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். கோடி ரூபாய்க் காருக்கு ஐந்தாவது பழம் கிடையாது!

ஆனால் கடைக்காரன் அம்மன் அல்ல. அவன் விலை வித்தியாசம் பார்ப்பான். அந்த வித்தியாசம் எதற்கு என்று கேட்கும் பழக்கம் இந்தக் கந்தக பூமியில் அதிகம். ஒரு பட்டாசுப் பெட்டியைக் கையில் எடுத்தால் விலை லேபிளுக்கா, உள்ளே இருக்கும் மருந்துக்கா என்பதுதான் முதல் கேள்வி. சிவகாசியில் இரண்டையுமே செய்கிறார்கள். பல வர்ணத்தில் லேபிள் அச்சடிப்பவரும் அங்கேதான், மருந்து இடிப்பவரும் அங்கேதான். அதனால் படத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அந்த ஊரில் குறைவு.

சாதாரண ஜனங்களுக்குக் கார் செய்துவந்த ஒரு கம்பெனி திடீரென்று யானை விலையில், கொஞ்ச எண்ணிக்கையில் ஒரு கார் செய்தால் அந்த விலை நியாயமா என்ற கேள்விக்கும் இதே அளவுகோல் போதும். தமிழ்நாட்டிலேயே அப்படி ஒரு கார் வந்தது. அதுதான் 1985இல் சென்னையில் வெளிவந்த 'ஸ்டாண்டர்டு 2000'. அது சூப்பர் கார் அல்ல. ஆனால் சூப்பர் காரின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது.

ஸ்டாண்டர்டு என்பது 1903இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் தொடங்கிய கம்பெனி. 1948இல் அதன் கூட்டுடன் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா உருவானது. ஆலை பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம். முதலில் வான்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு 8, 10, பென்னன்ட், 1961 முதல் ஹெரால்டு. டாக்டர்களும் வக்கீல்களும் வைத்திருந்த அந்தச் சின்ன ஹெரால்டைப் பெரியவர்கள் பலர் இன்றும் மறக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் 1963லேயே ஸ்டாண்டர்டு என்ற பெயரில் கார் விற்பதை நிறுத்திவிட்டார்கள். பெற்ற ஊரில் செத்த பெயர் சென்னையில் இன்னும் 25 வருடம் உயிரோடு இருந்தது.

ஹெரால்டுக்குப் பின் 1972இல் கெஸல் வந்தது, 1977இல் நின்றது. அதன்பின் ஆலையில் கார் என்று எதுவும் இல்லை, 'ஸ்டாண்டர்டு 20' வேன் மட்டும்தான். எட்டு வருடம் வேனை வைத்தே காலம் தள்ளிய கம்பெனி, 1985இல் நாட்டின் மிக விலை உயர்ந்த கார்களில் ஒன்றைச் செய்யக் கிளம்பியது. துணிச்சல் என்று சொல்லலாம். வேறு வழியில்லாத நிலை என்றும் சொல்லலாம்.

அவர்கள் தேர்ந்தெடுத்தது 1976இல் பிரிட்டனில் வெளிவந்த ரோவர் எஸ்.டி.1. டேவிட் பேச் வடிவமைத்த கார் அது. முன்பக்கத்தை ஃபெராரி டேடோனாவைப் பார்த்து வரைந்தார்கள். நீண்ட மூக்கு, சரிந்த பின்பக்கம், ஐந்து கதவு. 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதும் கிடைத்தது. ஆனால் அந்த அழகுக்குப் பின்னால் 3528 சி.சி. கொள்ளளவில் எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்று இருந்தது. 155 குதிரைத்திறன். நெடுஞ்சாலையில் திருடனைத் துரத்த பிரிட்டிஷ் போலீசார் அதை விரும்பி ஓட்டியதற்குக் காரணம் மூக்கின் அழகு அல்ல.

சென்னைக்கு வந்தது உடம்பு மட்டும்தான். உள்ளே வைத்தது தங்களிடம் ஏற்கனவே இருந்த 1991 சி.சி. நாலு சிலிண்டர் எஞ்சின், சுமார் 83 குதிரைத்திறன். 1940களின் வான்கார்டு எஞ்சினின் வாரிசு அது. அதே குடும்பத்து எஞ்சின்தான் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியது. இதை வைத்து 'டிராக்டர் எஞ்சின்' என்று கேலி பேசுவது சுலபம், ஆனால் முழு நியாயம் ஆகாது. 1950களில் டிரையம்ப் டி.ஆர்.2 என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் அதே குடும்பம்தான் இருந்தது. அந்தக் கார் 1954இல் பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியையே ஜெயித்தது. ஆகவே எஞ்சின் மட்டமானது அல்ல, வயதானது. தாத்தாவின் இதயத்தை மல்யுத்த வீரன் உடம்பில் வைத்தது போல ஆகிவிட்டது. நம் சாலைகளுக்காகக் காரின் உயரத்தையும் கூட்டினார்கள். அது தேவைதான். ஆனால் தரையோடு ஒட்டி ஓடும் அந்த ஃபெராரிச் சாயல் அதோடு பாதி போயிற்று.

இனி விலை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 ஏறத்தாழ 50 ஆயிரம் ரூபாய். ஸ்டாண்டர்டு 2000 இரண்டு லட்சத்தைத் தாண்டியது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு மாருதி வாங்கும் காசு! பெட்ரோலை நிறையக் குடித்தது, வேகம் குறைவு, அடிக்கடி பட்டறைக்கும் போனது. 1988இல் உற்பத்தி நின்றது. கம்பெனியின் கார்த் தொழிலும் அதோடு முடிந்தது. நாற்பது வருடம் ஓடிய ஆலையில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு, அந்த ஃபெராரி மூக்கின் விலை இரண்டு லட்சத்தைவிட மிக மிக அதிகம்.

'அந்தக் காலத்தில் வெளிநாட்டு எஞ்சினை இறக்குமதி செய்ய முடியுமா? வரி எவ்வளவு? லைசென்ஸ் கெடுபிடி எவ்வளவு?' என்று கம்பெனி தரப்பில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும்கூடப் பழைய எஞ்சினோடுதான் ஓடின. ஆனால் அவை தங்களை யார் என்று சொல்லித்தான் விற்றன. பழைய மருந்தை வைத்துப் பட்டாசு செய்வது குற்றமில்லை, அதன்மேல் வாணவேடிக்கை லேபிள் ஒட்டி நாலு மடங்கு விலை சொல்வதுதான் பிரச்சினை.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று ஜப்பானில் நடந்தது. வீட்டுக்கு வீடு கார் விற்கும் டொயோட்டா, தன் லெக்சஸ் பிராண்டில் எல்.எஃப்.ஏ. என்ற சூப்பர் காரை 2010 டிசம்பர் முதல் 2012 டிசம்பர் வரை செய்தது. மொத்தம் 500 கார். அமெரிக்காவில் விலை 3,75,000 டாலர், அன்றைய மதிப்பில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். 'டொயோட்டாவுக்கு இந்த விலையா? நிசான் ஜி.டி.ஆர். இதில் கால் பங்கு விலைக்குக் கிடைக்குமே!' என்று பலர் சிரித்தார்கள். அமெரிக்காவில் சில கார்கள் வருடக்கணக்கில் விற்காமல் நின்றதும் உண்மை.

ஆனால் மூடியைத் திறந்தால் மருந்து இருந்தது. பத்து சிலிண்டர், 4805 சி.சி., 552 குதிரைத்திறன். எஞ்சினை இசைக் கருவிகளுக்குப் பேர்போன யமஹாவுடன் சேர்ந்து செய்து, சத்தத்தைக்கூட வாத்தியம் போல் சுருதி கூட்டினார்கள். நிமிடத்துக்கு 9000 சுற்று வேகத்தை அது 0.6 நொடியில் எட்டிவிடும். சாதாரண முள் அதற்கு ஈடுகொடுக்க முடியாததால் மின்திரையில் முள்ளை வரைய வேண்டியதாயிற்று. முதலில் அலுமினியத்தில் செய்த உடம்பை, வேலை பாதி நடந்த பிறகு தூக்கிப் போட்டுவிட்டு, கார்பன் இழைக்கு மாறினார்கள். அந்த இழையை நெய்ய வட்டத் தறி ஒன்றையும் செய்தார்கள். டொயோட்டாவின் பூர்வீகமே தறி செய்யும் குடும்பம் என்பது குறிப்பிடத்தக்கது. இத்தனை செலவில் அந்த விலைக்கு விற்றும் கம்பெனிக்கு நஷ்டம்தான் என்கிறார்கள். பின்னாளில் இதன் சில கார்கள் ஏலத்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டின. ஏலத்தை வைத்து நியாயம் பேசக் கூடாது, ஏலத்தில் தபால்தலையும்தான் லட்சத்துக்குப் போகிறது. விற்காமல் நின்ற நாளிலும் அந்த எஞ்சின் அதே எஞ்சின்தான் என்பதே கவனிக்க வேண்டியது.

பெருங்களத்தூர் கதையில் கடைசியாக ஒரு சம்பவம் உண்டு. எஸ்.டி.1 உற்பத்தி பிரிட்டனில் 1986இல் நின்றுவிட்டது. அங்கே அதை ஆசையாக வைத்திருப்பவர்களுக்கு உதிரிபாகம் கிடைப்பது வரவரக் கஷ்டமானது. சென்னையில் ஸ்டாண்டர்டு 2000க்காக வாங்கிக் குவித்த பாகங்களோ பல வருடமாக யாரும் தொடாமல் கிடந்தன. 2006இல் பிரிட்டனின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற உதிரிபாகக் கம்பெனி அவற்றை விலைக்கு வாங்கியது. கப்பலேறி வந்த பாகங்கள் திரும்பவும் கப்பலேறி, எட்டு சிலிண்டர் எஞ்சின் உள்ள கார்களில் போய்ப் பொருந்திக்கொண்டன.